இதய மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவருமா? சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த உங்கள் அப்பாவுக்கு 58 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஈப்போவில் ஸ்டென்ட் (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். நீரிழிவு அதற்கும் முன்பிருந்தே உண்டு. போன மாதம் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. "இதயத்துக்கு விழுங்கிய மாத்திரைகள்தான் இப்படிச் செய்துவிட்டன, எல்லாவற்றையும் நிறுத்து" என்கிறார் அத்தை. இந்த இரண்டு நோய்களுக்கும் உடலுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டாவது கேள்வி அவசரமானது. நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரினைத் தானாக விட்டுவிட்டால், அதுவும் புற்றுநோய் இருக்கும்போது, ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. அறுவை சிகிச்சைக்காகச் சில நாள் நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். வீட்டுக் கூடத்தில் எடுக்கும் முடிவல்ல அது.

அத்தையின் சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அரசாங்க மருந்தகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இதே சந்தேகத்தைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் கேட்டிருக்கிறேன். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று வந்தால் முதலாவதே இரண்டாவதற்குக் காரணம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இங்கே கால வரிசையே அந்த எண்ணத்துக்கு எதிராக நிற்கிறது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ஒரு சிறிய சதைமொட்டாகத் தொடங்குகிறது. அந்த மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவுக்கு ஆகும். அப்பா மாத்திரை சாப்பிடுவது மூன்று ஆண்டுகளாக. மாரடைப்பு வந்த அன்றே குடலில் அந்த மொட்டு இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைக் குறைப்பதால், குடலில் ஏற்கெனவே இருக்கும் புண்ணோ கட்டியோ எளிதில் கசிய ஆரம்பிக்கும். மலத்தில் இரத்தம், சோர்வு, இரத்தசோகை என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டி கண்டுபிடிக்கப்படும். இதய நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளிலும் இது தெளிவாகத் தெரிந்தது: இத்தகைய மருந்து சாப்பிடும்போது குடலில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்களிடம் குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, கசிவு இல்லாதவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் கடிதத்திலும் "கறுப்பாக மலம் போனது, தலைசுற்றல்" என்று இருக்கிறது. அப்படியானால் அந்த மாத்திரை கட்டியை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்திருக்கிறது.

அத்தை எங்கோ கேட்ட செய்தி ஒன்று உண்மைதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் வால்சார்ட்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரையின் சில தொகுப்புகள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. தயாரிப்பின்போது என்டிஎம்ஏ என்ற வேண்டாத பொருள் அதில் கலந்திருந்தது. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று கருதப்படுகிறது. குறை தயாரிப்பில் கலந்த அழுக்கில் இருந்ததே தவிர, மருந்தில் இல்லை. அந்தச் செய்தியை வைத்து எல்லா இதய மாத்திரையையும் சந்தேகிக்கக் கூடாது.

இனி முதல் கேள்வி. தொடர்பு உண்டு, ஆழமான தொடர்பு. நான் படித்த காலத்தில் இதய வார்டும் புற்றுநோய் வார்டும் இரண்டு தனி உலகங்கள். இன்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தனி மருத்துவத் துறையே இருக்கிறது. ஐரோப்பிய இதய மருத்துவர் சங்கம் 2022-இல் அதற்கென்று முழு வழிகாட்டியே வெளியிட்டது.

எளிதில் தெரியும் தொடர்பு, காரணங்கள் பொது என்பது. சிகரெட், உடல் பருமன், நீரிழிவு, மது, உடலுழைப்பின்மை, வயது: இந்தப் பட்டியலை எந்த வார்டின் சுவரிலும் ஒட்டலாம். அமெரிக்காவில் இதயத்தைக் காக்க ஏழு அளவுகோல்களை வகுத்தார்கள்: புகைக்காமை, எடை, உடற்பயிற்சி, உணவு, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், இவற்றில் ஆறோ ஏழோ சரியாக வைத்திருந்தவர்களுக்கு, ஒன்றுகூடச் சரியில்லாதவர்களைவிடப் புற்றுநோய் ஏறத்தாழ பாதியளவே வந்திருந்தது. இதயத்துக்காக எழுதிய பட்டியல் புற்றுநோய்க்கும் பொருந்திவிட்டது.

நம் ஊர்ப் பக்கத்துக்கு இந்தப் பட்டியலில் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று சம்சு என்ற மலிவுச் சாராயம். தோட்டங்களை அது என்ன செய்தது என்று விளக்கத் தேவையில்லை. மது இதயத் தசையைத் தளர்த்தும். உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறி மரபணுவையும் சேதப்படுத்தும். மற்றது வெற்றிலை பாக்கு. புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. அதே பாக்கு மெல்லும் பழக்கம் பருமன், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றோடும் சேர்ந்தே காணப்படுகிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மிகுந்திருப்பதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம். அத்தை வெற்றிலையோடு புகையிலையும் போடுபவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைப் பற்றிக் கவலைப்படும் அவரை ஒருமுறை பல் கிளினிக்குக்கு அழைத்துப்போய் வாயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயை அகலத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

நீரிழிவைப் பற்றி கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பாவின் இரண்டு நோய்களுக்கும் நடுவில் அதுதான் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கக் காலத்தில் இன்சுலின் குறைவதில்லை. உடல் அதற்குச் செவிசாய்க்காததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிக்கும் சுரப்பு அல்ல. வளரச் சொல்லும் கட்டளையும் அதுதான். ஆண்டுக்கணக்கில் அந்தக் கட்டளை உரத்து ஒலித்தால், பிளவுபடத் தயாராக இருக்கும் குடல் செல்களும் அதைக் கேட்கின்றன. அதே நேரத்தில் உயர்ந்த சர்க்கரை இரத்தக் குழாயின் உட்சுவரைக் காயப்படுத்துகிறது. வயிற்றைச் சுற்றிய கொழுப்போ சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனையும் உண்டாக்குகிறது. அவர்களுக்கு எடை கூடினால் மார்பகப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் கூடுவதற்கு இது ஒரு காரணம்.

அழற்சிதான் இந்தக் கதையின் மையம். காயம் பட்டால் சிவந்து வீங்கி, பிறகு அடங்குவது நல்ல அழற்சி. அடங்காமல் ஆண்டுக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாகக் கிடப்பது வேறு வகை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இரத்தக் குழாய் அடைப்பிலும் அழற்சியைப் பார்த்தார், புற்றுக்கட்டிக்குள்ளும் வெள்ளணுக்களைப் பார்த்தார். ஆனால் நெடுங்காலம் இதய நோய் என்றால் கொழுப்பு, புற்றுநோய் என்றால் மரபணு என்று பிரித்தே யோசித்தார்கள்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வு அந்தப் பிரிவை ஆட்டிவைத்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, இரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சி அளவும் கூடுதலாக இருந்த 10,061 பேரைச் சேர்த்தார்கள். அமெரிக்காவின் பால் ரிட்கர் தலைமையில் நடந்தது. கொடுத்த மருந்து கனக்கினுமாப். அது கொழுப்பைத் தொடுவதே இல்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற ஒரே ஓர் அழற்சிப் பொருளை மட்டும் முடக்குகிறது. கொழுப்பு குறையாமலே மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து, நடு அளவு மருந்து பெற்றவர்களிடம் 15 விழுக்காடு குறைந்தன. எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது அதற்கடுத்த கணக்கு: மிக அதிக அளவு பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 77 விழுக்காடு குறைந்திருந்தது. இதயத்துக்குக் கொடுத்த மருந்து அது.

இங்கே அவசரப்பட்டுக் கொண்டாடக் கூடாது. அந்த மருந்தால் உயிர்போகும் தொற்றுகள் கூடின. நுரையீரல் புற்றுநோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. முளைக்கும் கட்டத்தில் அழற்சி தேவைப்படுகிறது, வளர்ந்துவிட்ட கட்டிக்கு அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்பதே இதற்கு எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம். எப்படியானாலும், ஒரே பொருள் இரண்டு நோய்களிலும் கைவைத்திருக்கிறது என்பதற்கு வலுவான தடயம் கிடைத்துவிட்டது.

அதே பொருள் நம் புகைமூட்டக் காலத்திலும் வந்து நிற்கிறது. 1997-உம் 2015-உம் பேராக்கில் இருந்தவர்களுக்கு மறக்காது. சிகரெட்டே தொடாதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏன் வருகிறது என்று லண்டனின் பிரான்சிஸ் கிரிக் ஆய்வுக்கழகத்தினர் தேடினார்கள். 2023-இல் அவர்கள் வெளியிட்ட விடை இது. காற்றிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலில் படியும்போது அங்குள்ள நோயெதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியிடுகின்றன. ஏற்கெனவே மரபணுப் பிழையோடு உறங்கிக் கிடந்த செல்களை அது எழுப்பிவிடுகிறது. எலிகளில் அந்தப் பொருளைத் தடுத்தபோது கட்டி உருவாவதும் குறைந்தது. இதே நுண்துகள் மாரடைப்பையும் கூட்டுகிறது என்பது முன்பே தெரிந்த சேதி.

அடுத்தது இன்னும் வியப்பானது. நம் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உண்டாக்கும் தாய்ச் செல்களில், வயது ஏற ஏற, ஒன்றுக்கு மரபணுப் பிழை ஏற்பட்டு அதன் வாரிசுகள் மட்டும் பெருகத் தொடங்கலாம். புற்றுநோய் இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கும் நிலை. எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இரத்தப் புற்றுநோய் வருகிறது. அவர்களைப் பின்தொடர்ந்தவர்கள் இரத்தப் புற்றுநோயைத் தேடிப் போய் மாரடைப்பைக் கண்டார்கள். 2017-இல் வெளியான கணக்கின்படி இந்த நிலை உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. டெட்-2 என்ற மரபணுவில் பிழை உள்ள வெள்ளணுக்கள் குழாய்ச் சுவருக்குள் புகுந்து, அளவுக்கு மீறி இன்டர்லூக்கின்-1 பீட்டாவைச் சுரப்பதை எலிகளில் காட்டினார்கள். மூன்றாவது முறையாக அதே பெயர்.

அடைப்பையே ஒரு வளர்ச்சியாகப் பார்த்தவரும் உண்டு. 1973-இல் ஏர்ல் பெண்டிட், தமனி அடைப்புகளில் உள்ள தசைச் செல்கள் பல சமயம் ஒரே ஒரு மூதாதைச் செல்லிலிருந்து பெருகியவை என்று காட்டி, அவற்றைத் தீங்கற்ற கட்டிகளோடு ஒப்பிட்டார். ஸ்டென்ட் வைத்த பிறகும் குழாய்ச் சுவரின் செல்கள் பெருகி மறுபடி அடைத்துவிடுவது பெரிய தொல்லையாக இருந்தது. இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? செல் பெருகுவதைத் தடுக்கும் மருந்தை ஸ்டென்ட்டின் மேல் பூசினார்கள். அப்படிப் பூசியவற்றில் பேக்லிடாக்சல் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. எவரோலிமஸ் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது. அப்பாவுக்கு வைத்தது மருந்து பூசிய வகையாக இருந்தால், புற்றுநோய் மருந்து வரிசையில் வரும் ஒன்றோ அதன் நெருங்கிய உறவோ மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் இதயத்தில் வேலை செய்திருக்கிறது. அத்தையிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள்!

பழுதான இதயமே புற்றுநோயை வளர்க்குமா என்றும் தேடியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு 2018-இல், குடலில் கட்டி வரும் தன்மை கொண்ட எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கியபோது கட்டிகள் கூடின, பெருத்தன. தளர்ந்த இதயம் இரத்தத்தில் விடும் சில புரதங்கள் காரணம் என்றார்கள். மனிதர்களிடம் கணக்கு ஒரே மாதிரி வரவில்லை. அமெரிக்க ஆண் மருத்துவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வில் அந்தத் தொடர்பு தெரியவே இல்லை. அதனால் "மாரடைப்புதான் குடல் புற்றைக் கொண்டுவந்தது" என்று அப்பாவின் விஷயத்தில் சொல்ல நான் தயாரில்லை. இரண்டுக்கும் ஒரே மண் என்பது வரைதான் சொல்வேன்.

எதிர்த் திசையில், அதாவது புற்றுநோயும் அதன் சிகிச்சையும் இதயத்தைத் தாக்குவதில், சந்தேகத்துக்கு இடமே இல்லை. உங்களுக்கு உடனே வேண்டியதும் இதுதான்.

குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் 5-ஃபுளோரோயுராசில், அதன் மாத்திரை வடிவான கேப்பசைட்டபின் இரண்டும் சிலருக்கு இதயத் தமனியைத் திடீரெனச் சுருங்கவைத்து நெஞ்சுவலியை உண்டாக்கும். பெரும்பாலும் முதல் சுற்றின் முதல் சில நாள்களிலேயே வரும். எல்லோருக்கும் வராது. ஆனால் ஸ்டென்ட் உள்ளவர் என்பது புற்றுநோய் மருத்துவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியின் கோப்பு இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தானாக நடந்து போகும் என்று நம்பாதீர்கள். ஸ்டென்ட் அட்டை, கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் நீங்களே எடுத்துப் போங்கள். கேப்பசைட்டபின் வீட்டில் சாப்பிடும் மருந்து. நெஞ்சு வலித்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். "காற்றாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது.

அடுத்தது இரத்த உறைவு. புற்றுக்கட்டிகள் இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் பொருள்களை வெளியிடுகின்றன. பாரிஸ் மருத்துவர் ஆர்மான் டுருசோ 1860-களிலேயே இதைக் கண்டு எழுதினார். பின்னர் தன் நரம்பில் உறைவு வந்தபோது தனக்குள் புற்றுநோய் இருப்பதை அதை வைத்தே உணர்ந்தார், 1867-இல் இறந்தார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் யாராவது இதைப் படித்தால்: டாக்சோருபிசின் என்ற சிவப்பு நிற மருந்து, மொத்த அளவு கூடக் கூட இதயத் தசையைச் சேதப்படுத்தும். அதனால்தான் வாழ்நாளுக்கு ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். ட்ராஸ்டுசுமாப் என்ற இன்னொரு மருந்து தரும் இதயத் தளர்ச்சி பெரும்பாலும் மீளக்கூடியது. இந்த மருந்துகளுக்கு முன்பும் இடையிலும் எக்கோ எடுப்பது சடங்குக்காக அல்ல. இதயத் தசைச் செல்கள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன. 25 வயதில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. இதயத்திலேயே தோன்றும் புற்றுநோய் அபூர்வமாக இருப்பதற்கும், அங்கே ஏற்பட்ட சேதம் எளிதில் ஆறாமல் இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

யாரோ துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயம் கொடுக்கச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களிடம் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் மாத்திரைப் பட்டியலின் கீழே அதையும் எழுதுங்கள். சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் சாப்பிடுபவருக்கு எந்தக் கஷாயமும் ஒரு மருந்துதான்.

செலவு பற்றி: உதவித் தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பம் என்றால் பெக்கா பி40 திட்டத்தைப் பற்றி ஆஸ்பத்திரிச் சமூகநலப் பிரிவில் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும், போக்குவரத்துச் செலவுக்கு உதவியும் அதில் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு இலவசப் பரிசோதனையும் கிடைக்கும்.

கடைசியாக நீங்கள். உங்கள் வயதை எழுதவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு அறுபதுக்குள் குடல் புற்றுநோய் வந்திருந்தால், பிள்ளைகள் நாற்பதிலேயே கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். மற்றவர்களுக்கு ஐம்பதிலிருந்து மலத்தில் மறைந்த இரத்தத்தைப் பார்க்கும் சோதனை அரசாங்கக் கிளினிக்கில் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், ஒரு ரிங்கிட்தான். சிகரெட் பிடிப்பவராக இருந்தால், விட்ட ஓராண்டில் இதய ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது, நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகப் பத்தாண்டு ஆகிறது. அப்பாவின் முதல் கீமோ தேதி முடிவானதும், எந்த மருந்து என்று கேட்டு அதன் பெயரை எனக்கு எழுதுங்கள். அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு அது மோதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.